மிதிவண்டியும் சாலைப் பாதுகாப்பு ஆய்வும்

சாலை விபத்து, மிதிவண்டிப் போக்குவரத்து, மக்கள் எதில் ஏறி எங்கே போகிறார்கள் என்னும் பயண நடத்தை ஆகிய மூன்றையும் போக்குவரத்துப் பொறியியல் இன்று சேர்த்தே ஆராய்கிறது. தொடக்கத்தில் இவை தனித்தனியாகக் கிடந்தன. விபத்து, காவல்துறையின் வேலை. பயணம், சாலை போடும் பொறியாளரின் கணக்கு. மிதிவண்டியோ, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல நாடுகளில் யாருடைய கணக்கிலும் இல்லாமல் போனது. விபத்தில் சிக்காமல் அதே இடத்தைக் கடந்து போனவர்கள் யார், பயந்து வண்டியையே எடுக்காதவர்கள் யார் என்று ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தன. துறையின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்வி மெல்ல மெல்லக் கூர்மையடைந்த வரலாறுதான்.

தொடக்க காலம்

1869 ஆகஸ்டில் அயர்லாந்தின் பார்சன்ஸ்டவுன் என்ற ஊரில், உறவினர்கள் உருவாக்கிய நீராவி வண்டியில் போய்க்கொண்டிருந்த மேரி வார்ட் வளைவில் தவறி விழுந்து சக்கரத்தின் அடியில் சிக்கி இறந்தார். நுண்ணோக்கி ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற அறிவியல் எழுத்தாளர் அவர். 1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் பெட்ரோல் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் அவ்வகையில் இறந்த முதல் பாதசாரி அவர்தான். விசாரணையில் தற்செயலான மரணம் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த அரை நூற்றாண்டுக்குச் சாலை மரணங்களை உலகம் பார்த்த பார்வையும் அதுவே: தற்செயல், இல்லையென்றால் யாரோ ஒருவருடைய கவனக்குறைவு. பள்ளிகளில் அறிவுரை, தெருக்களில் எச்சரிக்கைப் பலகை, நீதிமன்றத்தில் அபராதம் என்பதோடு வேலை முடிந்துவிட்டது.

எண்களைக் கொண்டு இதை அணுகிய முன்னோடிகளில் ஒருவர் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ரூபன் ஸ்மீட். போரின்போது அந்நாட்டு விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் இழப்புகளை ஆராய்ந்தவர், போருக்குப் பின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். 20 நாடுகளின் 1938ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து 1949இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. ஒரு நாட்டில் வண்டிகள் பெருகப் பெருக, ஒரு வண்டிக்கு இத்தனை மரணம் என்ற விகிதம் இறங்கிக்கொண்டே போகிறது என்று அவர் காட்டினார். அந்தச் சூத்திரத்துக்கு ஸ்மீட் விதி என்று பெயர் நிலைத்தது. அதை இயற்கை விதி போல எடுத்துக்கொண்டு, வளர்ச்சி வந்தால் மரணம் தானாகக் குறையும் என்று பேசியவர்கள் பலர். அது பிழையான வாசிப்பு. வண்டிக்கு இத்தனை என்று வகுத்தால், வண்டியே இல்லாமல் நடந்துபோய் அடிபட்டவர் தொகுதியில் வருகிறார், பகுதியில் வருவதில்லை. எதைக் கொண்டு வகுப்பது என்பது இந்தத் துறையில் வெறும் கணக்கு நுட்பம் அல்ல. யாருடைய உயிர் கண்ணில் படுகிறது என்பதையே அது தீர்மானிக்கிறது.

ஹாடனின் திருப்பம்

அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன், தொற்றுநோயை ஆராய்கிற முறையைச் சாலைக்குக் கொண்டுவந்தார். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வண்டி மோதி இறந்த பாதசாரிகளைப் பற்றி அவரும் சகாக்களும் 1961இல் வெளியிட்ட ஆய்வு, முறையின் அழகுக்காகவே நினைவில் வைக்கத் தக்கது. இறந்தவர்களின் உடலில் மது இருந்ததா என்று பிணக்கூறாய்வு சொல்லிவிடும். அதை மட்டும் வைத்து என்ன முடிவுக்கு வருவது? அந்தத் தெருவில் அந்த நேரத்தில் நடப்பவர்களில் பாதிப் பேர் குடித்திருந்தால், இறந்தவர்களில் பாதிப் பேர் குடித்திருந்தார்கள் என்பதற்குப் பொருளே இல்லை. ஆகவே ஆய்வுக் குழு, வாரத்தின் அதே கிழமையில், அதே மணி நேரத்தில், விபத்து நடந்த அதே இடத்துக்குப் போய் நின்றது. அவ்வழியே ஒன்றும் ஆகாமல் நடந்து போனவர்களை நிறுத்தி, பேசி, மூச்சுக்காற்றின் மாதிரி வாங்கியது. இரண்டு குழுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இறந்தவர்கள் இரு வகையாகப் பிரிந்தார்கள்: குடித்திருந்த நடுத்தர வயதினர் ஒரு வகை, குடிக்காத முதியவர்கள் மறு வகை. முதியவர்கள் விஷயத்தில் குற்றம் சொல்ல எந்தப் பழக்கமும் இல்லை. தெரு அவர்களுடைய கால்களுக்கு ஏற்றதாக இல்லை, அவ்வளவுதான்.

ரால்ஃப் நாடர் எழுதிய கார் பாதுகாப்பு பற்றிய நூல் 1965இல் நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. அவற்றைச் செயல்படுத்த அமைந்த அரசு முகமையின் முதல் தலைவர் ஹாடன்தான். அவர் பெயரால் வழங்கும் அட்டவணையில் மூன்று வரிசைகள்: மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின். மூன்று நிரல்கள்: மனிதர், வண்டி, சூழல். ஒன்பது கட்டங்களில் 'ஓட்டுநர் கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்பது ஒரே ஒரு கட்டம். வண்டியின் முகப்பு எவ்வளவு கடினம், தூண் எங்கே நிற்கிறது, ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்பவையெல்லாம் மற்றக் கட்டங்கள். விபத்துகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மனிதத் தவறே காரணம் என்ற கூற்றை மேடைதோறும் கேட்கிறோம். 1970களில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு அதற்கு முக்கிய வேர். காரணம் எது என்பதும் தீர்வு எங்கே இருக்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதை ஹாடன் அதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். அந்தக் கூற்றை இன்றும் பேசுகிறவர்கள் அதைப் படித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நெதர்லாந்து

மிதிவண்டி ஆய்வு என்றால் நெதர்லாந்தில்தான் எதையும் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்நாட்டவர் பிறவியிலேயே மிதிவண்டிப் பிரியர்கள் என்று சொல்வது வழக்கம். உண்மை அவ்வளவு எளிதல்ல. 1950களிலும் 60களிலும் அங்கேயும் கார் பெருகியது, மிதிவண்டி வேகமாகக் குறைந்தது. 1972இல் சாலை மரணங்கள் 3,264 என்ற உச்சத்தைத் தொட்டன. முந்தைய ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று எழுதிய கட்டுரை ஓர் இயக்கமானது. பெற்றோர் தெருவில் இறங்கிச் சாலையை மறித்தார்கள், விபத்து நடந்த தெருக்களைக் குழந்தைகளின் விளையாட்டிடமாக்கினார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தக் கோரிக்கைக்கு வலுச் சேர்த்தன.

1962இலேயே தொடங்கப்பட்டிருந்த தேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அந்தக் கோபத்துக்கு விடை தேடும் இடமாயிற்று. 1970களின் நடுவில் ஹேக், டில்பர்க் நகரங்களில் சோதனையாகத் தனி மிதிவண்டிப் பாதைகள் போடப்பட்டு, முன்னும் பின்னும் கணக்கெடுக்கப்பட்டன. கிடைத்த பாடம் ஏமாற்றம் கலந்தது. நல்ல பாதை ஒன்றே ஒன்று போட்டால், பக்கத்துத் தெருக்களில் போனவர்கள் இங்கே மாறி வருகிறார்கள். புதிதாக மிதிவண்டி எடுப்பவர்கள் குறைவு. ஒற்றைப் பாதை போதாது, நகரம் முழுக்க அறுபடாத வலைப்பின்னல் வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்து, டெல்ஃப்ட் நகரில் செயலுக்கு வந்தது. 1992இல் அந்நிறுவனம் முன்வைத்த 'நிலைத்த பாதுகாப்பு' என்ற கொள்கை, ஒவ்வொரு சாலைக்கும் ஒரே ஒரு வேலைதான் இருக்க வேண்டும் என்றது. வேகமாகப் போகும் சாலையில் மிதிவண்டி தனியே பிரிக்கப்படும். வீடுகள் உள்ள தெருவில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் அடங்கும்.

ஸ்வீடன் இதையே வேறு வழியில் அடைந்தது. லண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹைடன் வளர்த்தெடுத்த மோதல் ஆய்வு முறையில், சந்திப்பில் உட்கார்ந்து, மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளை எண்ணுவார்கள். யாரும் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யோரன் நில்சன் கணித்த வேக விதிப்படி, சாலையின் சராசரி வேகம் 10 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துகள் ஏறக்குறைய 46 சதவீதம் கூடும். 1997இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்ற 'பூஜ்ய இலக்கு'க் கொள்கையின் சிந்தனையாளர் கிளாஸ் டிங்வால். மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகக் கூடாது, அதற்குச் சாலையை அமைத்தவரும் பொறுப்பு என்பதே அதன் சாரம்.

பயண நடத்தை

வீடு வீடாகப் போய் நேற்று எங்கே போனீர்கள் என்று கேட்கும் கணக்கெடுப்பு அமெரிக்காவில் 1944 முதல் பரவியது. 1950களின் சிகாகோ வட்டாரப் போக்குவரத்து ஆய்வு அதை மாபெரும் அளவில் செய்து, எதிர்காலச் சாலைத் தேவையைக் கணிக்கும் முறையை உருவாக்கியது. மண்டலங்களுக்கு இடையில் வண்டிகள் ஓடும் திரளாக மனிதர்கள் அதில் தெரிந்தார்கள். தனி மனிதரின் தேர்வை மையத்தில் வைத்தவர் டேனியல் மெக்ஃபேடன். சான் பிரான்சிஸ்கோ பகுதியின் புதிய ரயில் திறக்கும் முன், 6.3 சதவீதம் பேர் அதில் போவார்கள் என்று அவர் குழுவின் கணிப்பு சொன்னது; திறந்தபின் வந்தது 6.2. அந்தத் தேர்வுக் கோட்பாட்டுக்காக அவருக்கு 2000இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்வீடிஷ் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல், ஒரு நாளின் 24 மணி நேரத்துக்குள் ஒருவர் எங்கெல்லாம் போய்த் திரும்ப முடியும் என்ற எல்லையையே வரைபடமாக்கினார். காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், மாலையில் காய்கறி வாங்கித் திரும்பும் ஒரு பெண்ணுக்கு அந்த எல்லை எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதை அந்த வரைபடத்தில் கண்ணால் பார்க்கலாம்.

இவ்வளவு நுட்பம் வளர்ந்தும், நடந்தும் மிதித்தும் போன பயணங்களைப் பழைய கணக்கெடுப்புகள் பலவும் பாதி விட்டுவிட்டன. எண்ணப்படாதது திட்டத்தில் இடம்பெறாது. திட்டத்தில் இல்லாததற்குச் சாலையில் இடமும் கிடைக்காது.

பாதை பிரிப்பதா, சேர்ந்து ஓட்டுவதா

1970களில் அமெரிக்காவில் ஜான் ஃபாரஸ்டர் என்ற பொறியாளர், மிதிவண்டிக்காரர் தம்மை ஒரு வண்டியாகவே கருதி நடுச்சாலையில் ஓட்ட வேண்டும், தனிப் பாதை ஆபத்து என்று வாதாடினார். மிதிவண்டி விபத்துகளில் பெரும்பங்கு சந்திப்புகளிலும் குறுக்கே திரும்பும்போதும்தான் நடக்கிறது, பின்னாலிருந்து மோதுவது குறைவு என்பது அவர் கையிலிருந்த வலுவான சான்று. அது பொய்யல்ல. ஆனால் பின்னாலிருந்து மோதும் விபத்து நடந்துவிட்டால் உயிர் போகும் வாய்ப்பு அதிகம். மேலும், அவர் பார்த்த விபத்துப் பட்டியலில் சாலையைக் கண்டு பயந்து மிதிவண்டியை விட்டவர்கள் இல்லவே இல்லை. அந்த வாதம் பல அமெரிக்க நகரங்களில் ஒரு தலைமுறைக்குப் பாதை அமைப்பதைத் தள்ளிப்போட்டது.

தனிப் பாதை ஆதரவாளர்களின் கையிலும் எல்லாச் சான்றுகளும் சாதகமாக இல்லை. கோபன்ஹேகனில் பாதைகள் போட்டபின் மிதிவண்டிப் போக்குவரத்து நன்றாகவே கூடியது. சந்திப்புகளில் விபத்தும் கூடியது என்று டேனிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. பாதை சந்திப்பில் எப்படி முடிகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது என்பது அதன்பின் வடிவமைப்பு நூல்களில் அழுத்தமாக இடம்பிடித்தது.

இந்தச் சண்டைக்கு ஓரளவு முடிவு கட்டியது கனடாவின் கே டெஷ்கி தலைமையில் வான்கூவரிலும் டொராண்டோவிலும் நடந்த ஆய்வு. முடிவுகள் 2012இல் வெளிவந்தன. மிதிவண்டியில் அடிபட்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த 690 பேரைச் சந்தித்து, அன்று அவர்கள் போன வழியை வரைபடத்தில் முழுதாகக் குறித்துக்கொண்டார்கள். அடிபட்ட இடம் ஒன்று. அதே வழியில் ஒன்றும் ஆகாமல் கடந்த இடம் ஒன்று குலுக்கல் முறையில். பிறகு இரண்டு இடங்களுக்கும் ஆட்கள் நேரில் போய் அளந்தார்கள். எது விபத்து நடந்த இடம் என்று அளந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒப்பிடப்படுவது அதே மனிதர், அதே நாள், அதே மிதிவண்டி, அதே மனநிலை. மாறுவது சாலை மட்டும். துணிச்சல்காரர்கள் ஒருவகைச் சாலையில் போகிறார்கள், அதனால்தான் அங்கே விபத்து என்ற பழைய சாக்குக்கு இங்கே இடமே இல்லை. கார்கள் நிறுத்தப்பட்ட, மிதிவண்டிக்கு எந்த வசதியும் இல்லாத பெரிய சாலையோடு ஒப்பிட்டால், தடுப்போடு பிரித்த பாதையில் ஆபத்து ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. சரிவு, கட்டுமானப் பணி, டிராம் தண்டவாளம் ஆகியவை ஆபத்தைக் கூட்டின. ஹாடன் மன்ஹாட்டன் நடைபாதையில் நின்ற முறைதான் இது, இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது.

பீட்டர் ஜேக்கப்சன் 2003இல் வெளியிட்ட 'எண்ணிக்கையில் பாதுகாப்பு' ஆய்வும் துறையைத் திருப்பியது. ஓர் ஊரில் மிதிவண்டி ஓட்டுவோர் இரட்டிப்பானால் விபத்து இரட்டிப்பாவதில்லை. சுமார் மூன்றில் ஒரு பங்கே கூடுகிறது, தனி மனிதரின் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல நாட்டுத் தரவுகளிலிருந்து காட்டினார். கூட்டம் பாதுகாப்பைத் தருகிறதா, பாதுகாப்பு கூட்டத்தைக் கொண்டுவருகிறதா என்பது இன்னும் தீராத விவாதம். ஏறக்குறைய அதே நேரத்தில் போர்ட்லாந்து நகரின் மிதிவண்டி ஒருங்கிணைப்பாளர் ரோஜர் கெல்லர், மக்களில் பெரும்பகுதியினர் மிதிவண்டியில் ஆர்வம் இருந்தும் அச்சத்தால் ஒதுங்கி நிற்பவர்கள் என்று வகைப்படுத்தினார். ஜெனிஃபர் டில் போன்ற ஆய்வாளர்கள் அதைக் கணக்கெடுப்புகளால் சோதித்தபோது, அந்த வகையினரே மிகப் பெரிய கூட்டம் என்பது உறுதியாயிற்று.

தலைக்கவசம் பற்றிய ஆய்வு தனிக் கட்டுரைக்குரியது. அடிபட்டால் தலைக்காயத்தைக் குறைக்கிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. 1990இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் அதைக் கட்டாயமாக்கியதால் மிதிவண்டி ஓட்டுவோரே குறைந்தார்களா என்பதில்தான் சர்ச்சை. இயன் வாக்கர் என்ற உளவியலாளர் 2006இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி, பிரிஸ்டல் நகரங்களில், தூரமளக்கும் கருவி பொருத்திய மிதிவண்டியில் தாமே ஓட்டி, 2,300க்கும் மேற்பட்ட ஓவர்டேக்குகளைப் பதிவு செய்தார். கவசம் அணிந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன. நீண்ட கூந்தல் விக் வைத்துக்கொண்டு ஓட்டியபோது விலகிப் போயின. பிற ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசி, அந்த வேறுபாடு ஆபத்தைப் பாதிக்கும் அளவுக்குப் பெரிதல்ல என்றனர்.

இந்தியா

ஹாடன் தலைமை வகித்த அமெரிக்கக் காப்பீட்டு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய தினேஷ் மோகன், 1979இல் ஐஐடி டெல்லியில் சேர்ந்தார். அவரும் கீதம் திவாரியும் அங்கே நடத்திய ஆய்வுத் திட்டம், இந்தியச் சாலையில் இறப்பவர்களில் பெரும்பாலோர் கார்க்காரர்கள் அல்லர், நடப்பவர்களும் மிதிவண்டியிலும் இருசக்கர வாகனங்களிலும் போகிறவர்களும்தான் என்பதை ஓயாமல் சொன்னது. 2008இல் டெல்லியில் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் இடையே திறந்த விரைவுப் பேருந்துத் தடத்தில் மிதிவண்டிக்குத் தனிப் பாதை இருந்தது. கார்க்காரர்களின் எதிர்ப்புக்குப் பின் 2016இல் அந்தத் தடமே அகற்றப்பட்டது. 2021இல் மோகன் கொரோனாவில் மறைந்தார்.

இந்தியப் பொறியாளர்கள் எதிர்கொண்ட தனிச் சிக்கல், ஒரே சாலையில் லாரி, ஆட்டோ, ஸ்கூட்டர், மிதிவண்டி, மாட்டுவண்டி எல்லாம் தடம் பிரியாமல் ஓடுவது. ஐஐடி மெட்ராஸில் வே. தமிழரசன் முதலானோர் இந்தக் கலவைப் போக்குவரத்தைக் கணினியில் மாதிரியாக்கினர். எல்லா வண்டிகளையும் கார் அலகாக மாற்றிக் கூட்டுவது வழக்கம்; ஊர்ப்புறச் சாலைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியில் ஒரு மிதிவண்டிக்கு அரைக் கார் மதிப்பு. சாலையின் கொள்ளளவைக் கணிக்க அது உதவலாம். ஆனால் அந்தக் கணக்கில் மிதிவண்டி என்பது காருக்கு ஏற்படும் இடைஞ்சலின் அளவு மட்டுமே.

பயண நடத்தைக்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் நிகழ்வு ஒன்று புதுக்கோட்டையில் நடந்தது. 1991இல் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஆதரவுடன், பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பூக்காரிகள், ஆசிரியைகள் என்று பெரும் எண்ணிக்கையில் பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். தண்ணீர் எடுப்பது, சந்தைக்குப் போவது, குழந்தையைப் பள்ளியில் விடுவது எல்லாம் பேருந்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திராமல் நடந்தன. ஹேகர்ஸ்ட்ராண்டின் வரைபடத்தில் ஒரு பெண்ணுக்குரிய எல்லை விரிவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இந்த அனுபவத்தைப் பற்றிப் பின்னர் நித்யா ராவ் உள்ளிட்டோர் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினர்.

எண்களால் அதை நிறுவிய ஆய்வு பீகாரிலிருந்து வந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் தரும் திட்டம் அங்கே 2006இல் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் மாணவிகளை மாணவர்களோடும், பீகாரைத் திட்டமில்லாத ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் குவிந்திருந்தது. பணத்தைக் கண்டு சேர்ந்தார்கள் என்றால் பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்திருக்க வேண்டும். தூரம் குறைந்ததால் சேர்ந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு மிதிவண்டி தரும் திட்டம் இதற்கும் முந்தையது.

பாதுகாப்பில் தமிழ்நாட்டின் அண்மைக் கதை கவனத்துக்குரியது. 2016இல் 17,218 ஆக இருந்த சாலை மரணங்கள் 2019இல் 10,525 ஆகக் குறைந்தன. 108 ஆம்புலன்ஸ், விபத்து சிகிச்சை மையங்களின் வலைப்பின்னல், ஆபத்தான இடங்களைச் சீரமைத்தது எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க, நடவடிக்கை எடுக்காமல் விட்ட ஒப்பீட்டு இடங்கள் வேண்டும். அவசர வேலைகளில் அப்படி யாரும் ஒதுக்கி வைப்பதில்லை. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம் 2021 முதல் நாடெங்கும் பரவி, காவலர் சம்பவ இடத்திலேயே கைப்பேசியில் இடத்தோடு பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக அரசு அறிக்கை கூறுகிறது. அவர்களில் எத்தனை பேர் எந்த வளைவில் இறந்தார்கள் என்பது இனி தெரிந்துவிடும். அந்த வளைவை நாள்தோறும் எத்தனை மிதிவண்டிகள் கடக்கின்றன என்பதைச் சொல்லும் எண்தான் இல்லை. நாடு முழுவதற்குமாக மக்கள் எதில் வேலைக்குப் போகிறார்கள் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்டது. வேளாண்மை சாராத தொழிலாளர்களில் சுமார் 13 சதவீதம் பேர் மிதிவண்டியில் என்று தெரிந்தது. நாடு தழுவிய விபத்து விகிதத்தைக் கணிக்க விரும்பும் ஆய்வாளர்களின் கையில் இன்றும் இருப்பது அந்தக் கணக்குதான். வேலைக்குப் போகாத மாணவர்களும், வீட்டு வேலையாக வெளியே போகும் பெண்களும் அதில் இல்லை.